ஏட்டுப் பரிவலுவும் சில்லுப் பரிவலுவும்

எண் பொய் கூறாது என்பது இன்றைய உலகின் உறுதியான நம்பிக்கைகளுள் ஒன்று. சொல்லை ஐயுறுவோரும் எண்ணைக் கண்டதும் அடங்கிவிடுகின்றனர். இந்நம்பிக்கையை இலாபமாக்கும் கலையில் மோட்டார்க் கார் உற்பத்தியாளரை விஞ்சியவர் சிலரே. வேகத்துக்கென வடிவமைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் விளம்பரத்தில் முதலிற் கண்ணைக் கவர்வது அதன் பரிவலு. அவ்வெண்ணை நம்பியே வாங்குபவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அது எங்கே, எவரால், எந்நிலையில் அளக்கப்பட்டது என்ற வினாவுக்கு விடை இல்லாதவரை அதனை அளவீடு எனக் கொள்ளல் தகாது. அது வெறும் புகழுரையே.

பரிவலு என்னும் அலகே வணிகத்திற் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தை விற்பதற்கு, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் எனக் கூறவேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் என அவர் வகுத்த அளவு ஏறத்தாழ 746 உவாற்றுக்குச் சமன். ஐரோப்பாவில் வழங்கும் மெற்றிக் பரிவலுவோ ஏறத்தாழ 735.5 உவாற்று. ஆகவே ஒரே எஞ்சின் இரு அலகுகளில் இரு எண்களைப் பெறுகிறது.

இது சிறு வேறுபாடு. பெரிய வேறுபாடு அளக்கும் முறையிலே உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களின் தொடக்கம்வரை விளம்பரங்களில் இடம்பெற்றது ‘மொத்த வலு’ ஆகும். காற்றுவடியும், காருக்குரிய புகைபோக்கியும், மின்பிறப்பாக்கியும் நீக்கப்பட்ட எஞ்சினை மேடையில் ஏற்றிப் பெற்ற எண் அது. அத்தகைய எஞ்சினோடு எவரும் வீதியில் ஓடியதில்லை. 1972 அளவில் ‘தேறிய வலு’ வழக்குக்கு வந்ததும், அதே எஞ்சின்களுக்கான எண்களும் பெருமளவு சரிந்தன. சரிந்தது எஞ்சினின் ஆற்றலன்று; எண்ணின் பாசாங்கே.

தேறிய வலுவும் எஞ்சினின் சுழற்றியில் அளக்கப்படுவதே. அங்கிருந்து பற்சில்லுப் பெட்டி, செலுத்துதண்டு, அச்சு ஆகியவற்றைக் கடந்தே வலு சில்லை அடைகிறது. வழியில் உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வீதியைத் தொடுவது சில்லு ஒன்றே. எனவே வாங்குபவருக்குப் பயன்படும் எண் சில்லிற் பெறப்படும் எண்ணே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அவ்வெண்ணைத் தருவது டைனமோமீற்றர் எனப்படும் வலுமானி. காரின் செலுத்துசில்லுகள் பாரமான உருளையின் மேல் நிறுத்தப்பட்டுக் கார் அசையாவண்ணம் கட்டப்படும். உருளையின் சடத்துவத் திருப்பம் முன்னரே அறியப்பட்டது. எஞ்சின் முழுமையாக முடுக்கப்படும்போது உருளை எவ்வளவு விரைவாக வேகங்கொள்கிறது என்பதிலிருந்து முறுக்கமும், முறுக்கத்திலிருந்து வலுவும் கணிக்கப்படும். இதில் மறைபொருள் எதுவுமில்லை. உயர்தரப் பௌதிகவியல் மாணவரும் விளங்கக்கூடிய கணக்கே இது.

இக்கருவி ஆய்வுகூடத்தை விட்டுச் சாதாரண வேலைத்தலங்களுக்கு வந்ததன் விளைவு 1999இல் வெளிப்பட்டது. போர்ட் நிறுவனம் அவ்வாண்டின் மஸ்டாங் கோப்றா காருக்கு 320 பரிவலு என அறிவித்தது. முந்திய ஆண்டின் காருக்கு 305. ஆயினும் புதியது அதற்கேற்ற வேகத்தைக் காட்டவில்லை. உரிமையாளர்கள் கார்களை உருளையில் ஏற்றினர். குறைபாடு எண்ணாக வெளிப்பட்டது. நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களைத் திருப்பி அழைத்துக் காற்றை உள்ளெடுக்கும் குழாய்த்தொகுதியையும் புகைபோக்கிப் பகுதியையும் மாற்றிக் கொடுத்தது. பேரளவு நிறுவனமொன்றைப் பணியவைத்தது நீதிமன்றமன்று; வாங்கியவர் கைக்கு எட்டிய அளவுகோலே.

எண் மேல்நோக்கி மட்டுமே பொய்ப்பதுமில்லை. யப்பானிய உற்பத்தியாளர் தமக்குள் செய்துகொண்ட இணக்கத்தின்படி 2004வரை 280 மெற்றிக் பரிவலுவுக்கு மேல் அறிவிப்பதைத் தவிர்த்தனர். நிசான் ஸ்கைலைன் ஜீ.ரீ.ஆர். போன்றவை அதனிலும் கூடிய வலுவைத் தந்தமை யாவரும் அறிந்ததே. இணக்கத்துக்கேற்ப எண் எழுதப்பட்டது, எஞ்சினுக்கேற்ப அன்று.

உருளையின் எண்ணும் நிலையற்றது என்பர் நிறுவனங்களின் பக்கம் நிற்போர். இதில் உண்மை உண்டு. டயரின் காற்றழுத்தம், கட்டின் இறுக்கம், வெப்பநிலை, உருளையின் வகை ஆகிய யாவும் எண்ணை மாற்றும். வளிமண்டலத் திருத்தத்தில் எந்த நியமம் கொள்ளப்படுகிறது என்பதாலேயே ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு வேறுபாடு எழலாம். ஆனால் இதற்குப் பரிகாரம் அளவாதிருத்தலன்று. அளந்த நிலையை எண்ணோடு சேர்த்து வெளியிடுதலே. ஒரே உருளையில், ஒரே நிலையில் ஒப்பிடப்படும் இரு கார்கள் பயனுள்ள உண்மையைச் சொல்லத் தவறா.

உரிமையாளரும் குற்றமற்றவரல்லர். சில்லில் வந்த எண் சிறிதாகத் தோன்றியதும், வழியில் நூற்றுக்குப் பதினைந்து இழக்கப்படுகிறது எனக் கொண்டு அதனைப் பெருக்கி எஞ்சினின் வலு எனப் பறைசாற்றுவோர் பலர். இழப்பில் ஒரு பகுதி வேகத்தோடும் இன்னொரு பகுதி முறுக்கத்தோடும் மாறும். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் ஒரே வீதம் எதுவுமில்லை. அளந்ததை விட்டு ஊகித்ததைப் போற்றும் இவர்கள், தாம் கண்டித்த விளம்பரக்காரரின் தொழிலையே தாமும் செய்கின்றனர்.

2005இல் அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம், சாட்சியின் முன்னிலையில் எஞ்சினை அளந்து சான்று வழங்கும் முறையை வகுத்தது. வரவேற்கத்தக்கதே, எனினும் அது உற்பத்தியாளர் விரும்பினால் மட்டும் ஏற்கும் ஒன்று.

இது பொறியியற் பீடத்தாருக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. விற்பவரே அளப்பவராகவும் இருக்கும் இடத்தில் எண் உண்மையின் பணியாளனாக இராது. விற்பனையின் ஏவலாளனாகவே இருக்கும். எண்ணைக் கண்டு வணங்குவது அறிவாகாது. அது பிறந்த உருளையைக் காட்டுமாறு கேட்பதே அறிவு.