கியர் பாக்ஸ் போச்சா... நிஜமாவா?

சுரங்கத்துல முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்த அப்பா, ரிட்டயர்மென்ட் பணத்துல ஒரு ஆட்டோமேடிக் எஸ்.யூ.வி. வாங்கிட்டார்னு வெச்சுக்குங்க. டவுன்ஷிப்புக்குள்ள வண்டி ராஜா மாதிரி போகுது. ஒருநாள் ஆர்ச் கேட் தாண்டி பண்ருட்டி ரோட்டுல ஏறினதும், எவ்வளவு மிதிச்சாலும் ஒரே கியர்ல முக்குது. டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு. பின்னாடி லாரிக்காரர் ஹாரன்ல திட்டுறார். எப்படியோ உருட்டிக்கிட்டு மெக்கானிக்கிட்ட போனா, எட்டிப் பார்த்துட்டு, "கியர் பாக்ஸ் போச்சு சார், மாத்திடணும்"ங்கறார். லட்சக் கணக்குல பில்!

கொஞ்சம் பொறுங்க பாஸ்.

ஆட்டோமேடிக் வண்டியில கியரை மாத்தறது அப்பா இல்ல. டி.சி.எம்.னு ஒரு குட்டி கம்ப்யூட்டர். சக்கரம் என்ன வேகம், பெடலை எவ்வளவு மிதிச்சிருக்கு, ஆயில் எவ்வளவு சூடுன்னு சென்ஸார்களைக் கேட்டுக்கிட்டே இருக்கும். பதிலுக்கு ஏத்த மாதிரி சோலனாய்டு வால்வுகளைத் திறந்து மூடி, ஆயில் பிரஷர் மூலமா கியரைப் போடும். ஏதோ ஒரு சென்ஸார் உளறுதுன்னு வைங்க... 'எதுக்கு வம்பு'ன்னு ஒரே கியர்ல நிறுத்திக்கும். இதுக்குப் பேர்தான் லிம்ப் மோட். கியர் பாக்ஸ் உடையாம, நீங்க நொண்டிக்கிட்டாவது ஓரமா போய்ச் சேரணும்னு பண்ணின ஏற்பாடு அது.

ஆக, வில்லன் ஒரு சின்ன சென்ஸாரா இருக்கலாம். துருப்பிடிச்ச கனெக்டர், வீக்கான பேட்டரி, ஏன், ஒரு எலிகூட இருக்கலாம்! மரத்தடியில நாள் கணக்குல நிக்கிற வண்டின்னா வயரைக் கடிச்சுட்டுப் போயிடும்.

கண்டுபிடிக்க என்ன வழி? ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதுல ஸ்கேனரை மாட்டினா கோடு சொல்லும். பி 0700 வந்தா, 'கியர் கம்ப்யூட்டர்ல ஏதோ புகார் இருக்கு, அங்கே போய்க் கேளு'ன்னு மட்டும்தான் அர்த்தம். சின்ன புளூடூத் ஸ்கேனர் பலதும் இதோட நின்னுடும். நல்ல ஸ்கேனர் உள்ளே போய் பி 0715, பி 0720ன்னு சொன்னா ஸ்பீடு சென்ஸார் சர்க்யூட் பக்கம் பிரச்னை. சர்க்யூட்னா வயரும் சேர்த்துதான், சென்ஸாரை மட்டும் மாத்திட்டு வந்துடாதீங்க. பி 0730 வந்தா கியர் விகிதமே சரியில்ல. அப்போ உள்ளே நிஜமாவே வழுக்குதான்னு பார்க்கணும். கோடை மொபைல்ல போட்டோ எடுத்து வைங்க. அதுக்கு முன்னாடி யாராவது பேட்டரி டெர்மினலைக் கழட்ட வந்தா தடுத்துடுங்க. சாட்சி அழிஞ்சு போயிடலாம்!

கம்ப்யூட்டர் புரோகிராமே காரணமா இருந்த கதையும் உண்டு. 2011 ஆகஸ்ட்ல ஹோண்டா அமெரிக்காவுல மட்டும் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சது. அதுல 2007-2010 மாடல் சி.ஆர்.வி.யும் அடக்கம். சேத்துலயோ பனியிலயோ சிக்கின வண்டியை எடுக்க ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ்னு வேக வேகமா மாத்தினா உள்ளே ஒரு பேரிங் கெட்டுப்போக வாய்ப்பு இருந்தது. தீர்வு? புது சாஃப்ட்வேர்! அதனால நீங்களும் மழை நாள்ல முந்திரிக்காட்டுச் சேத்துல மாட்டினா லீவரை ஆட்டி விளையாடாதீங்க. ரெண்டு பலகை, நாலு ஃப்ரெண்ட்ஸ் போதும்.

இன்னொண்ணு. ஏ.எம்.டி. வண்டின்னா அது மேனுவல் கியர் பாக்ஸுக்கு எந்திரக் கை வெச்சது. தைப்பூசத்தன்னிக்கு வடலூர் கூட்டத்துல இஞ்ச் இஞ்சா ஊர்ந்தா கிளட்ச் சூடாகும். முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு, சேர்த்து வெச்சு நகருங்க.

நடுரோட்டுல நின்னுட்டா ஹஸார்டு லைட்டைப் போட்டு ஓரங்கட்டுங்க. ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியானாலும் சரியாகும். அதை நம்பி சென்னைக்குக் கிளம்பிடாதீங்க. தள்ளி ஸ்டார்ட் பண்றது ஆட்டோமேடிக்ல நடக்காது. கயித்தைக் கட்டி இழுத்தா, சக்கரம் சுத்தும், உள்ளே ஆயில் பம்ப் சுத்தாது... நல்லா இருக்கிற கியர் பாக்ஸும் காலி. மொத்த வண்டியையும் மேலே ஏத்திக்கிட்டுப் போற ரெக்கவரி வண்டியாக் கேளுங்க. இன்ஷூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு இன்னிக்கே அப்பாகிட்ட பாலிஸியை வாங்கிப் பாருங்க.