கன்றுக்கு மருந்து, கைக்கு விஷம்

விழுப்புரத்திலிருந்து காணை வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது கெடார். இந்தப் பக்கத்துக் கொல்லைகளிலும், கிழக்கே திண்டிவனம் தாண்டி மரக்காணம் கடற்கரை வரைக்கும், மல்லாட்டையும் கம்பும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று சவுக்கும் தைல மரமும் நிற்கின்றன. காகித ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற மரங்கள். இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் டன் என்ன விலை, எந்த ஆலை எடுக்கிறது, தைல மரம் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுமா என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மரம் கன்றாக இருந்தபோது பூச்சியிடமிருந்தும் நோயிடமிருந்தும் அதைக் காப்பாற்றியது யார்? காப்பாற்றியவர்களின் உடம்புக்கு என்ன ஆனது?

சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் மரத்தைப் பேசுகிறார்கள். சாதி ஒழிப்பு பேசுகிற நாம் நிலத்தையும் கூலியையும் பேசுகிறோம். கன்று காக்கிற வேலை இரண்டு பேச்சிலும் வருவதில்லை. மாணவத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதல் இரண்டு வருடம்

வளர்ந்த மரம் ஓரளவுக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கன்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. சவுக்கு விதையை மேட்டுப்பாத்தியில் தூவிய அன்றே எறும்பு தூக்கிக்கொண்டு போக ஆரம்பிக்கும். முளைத்த பிறகு தண்ணீர் அதிகமானாலோ விதை நெருக்கமாக விழுந்திருந்தாலோ, மண்ணில் இருக்கிற பூஞ்சை தண்டின் அடியைத் தாக்கி நாற்று கொத்துக் கொத்தாகச் சாயும். நாற்றழுகல் என்பது இதுதான். பையில் வளர்த்துக் கொல்லையில் நட்ட பிறகு கரையான், தண்டு துளைப்பான், பட்டை தின்னும் புழு என்று ஒவ்வொன்றாக வரும். சவுக்கில் பட்டை கொப்புளித்து, அதற்கடியில் கறுப்புத் தூளாக வித்துகள் நிறைந்து, மரத்தையே காயவைக்கிற கொப்புளப் பட்டை நோயும் உண்டு.

இதையெல்லாம் முதலில் பார்க்கிற கண், பையில் மண் நிரப்புகிற, தண்ணீர் ஊற்றுகிற, களை பறிக்கிற பெண்களின் கண். அவர்களில் பெரும்பாலோர் காலனிப் பெண்கள். டேங்கை முதுகில் மாட்டி மருந்தடிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதே காலனி ஆண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் சுமார் 29 விழுக்காடு. தமிழ்நாடு முழுமைக்கும் எடுத்தால் சுமார் 20 விழுக்காடு. கூலி வேலைக்குப் போகிறவர்களில் நம் மக்களின் பங்கு இதைவிடப் பெரியது என்பது ஊரையும் காலனியையும் ஒரு முறை சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும்.

தமிழில் நாம் விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம். பூச்சி மருந்து, மருந்துக்கடை, மருந்தடிப்பது. கன்றுக்கு அது மருந்தாக இருக்கலாம். அடிக்கிற கைக்கு அது என்னவாக இருக்கிறது என்பதை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது.

மரக்காணத்துக் குளவி

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது. 2000க்குப் பிறகு தைல மரக் கன்றுகளின் இலை நடுநரம்பிலும் இலைக்காம்பிலும் இளந்தண்டிலும் முடிச்சு முடிச்சாகக் கழலை கிளம்பியது. பச்சையாகத் தொடங்கி, இளஞ்சிவப்பாகி, பழுப்பாகும். இலை சுருண்டது, நுனி வளர்ச்சி நின்றது, கன்று குட்டையாகிப் புதர் போல ஆனது. காரணம் லெப்டோசைப் இன்வேசா என்ற குளவி. உடம்பின் நீளம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தப் பூச்சி மத்தியக் கிழக்கிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பரவிய பிறகுதான், 2004இல், அதற்கு அறிவியல் பெயரே வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அது முதலில் பதிவான இடங்களில் ஒன்று மரக்காணம்.

இந்தக் குளவியை மருந்தடித்து ஒழிப்பது ஏன் கடினம் என்று பாருங்கள். தாய்க்குளவி முட்டையை இலைத் திசுவுக்குள்ளே வைக்கிறது. புழு கழலைக்குள்ளேயே தின்று, அங்கேயே வளர்ந்து, குளவியாகி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. வாழ்நாளில் பெரும்பகுதி அது கழலைக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே அடிக்கிற மருந்து இலையில் பட்டு வழிகிறது, அடிக்கிறவர் முகத்திலும் படுகிறது, உள்ளே இருக்கிற புழுவுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆண் இல்லாமலேயே பெண் குளவி இனத்தைப் பெருக்கும் என்பதால் நாலு தப்பினால் போதும், மறுபடி கூட்டமாகிவிடும்.

கடைசியில் கைகொடுத்தவை வேறு வழிகள். இந்தக் குளவியையே தின்று வளரும் குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி என்ற ஒட்டுண்ணிக் குளவியை இஸ்ரேலிலிருந்து கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். இங்கேயே இருந்த மெகாஸ்டிக்மஸ் வகைக் குளவிகளும் கழலைக்குள் புகுந்து வேலை செய்தன. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் போன்ற இடங்களில் தாக்குதலைத் தாங்குகிற மர ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தாக்கிய கன்றை நாற்றங்காலிலேயே கழித்துக்கட்டி, வேறு ஊருக்கு ஏற்றாமல் தடுப்பதும் சேர்ந்துகொண்டது.

குளவி இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒரே ரகத்தை, ஒரே தாய் மரத்திலிருந்து எடுத்த கன்றுகளை, ஏக்கர் கணக்கில் அடுத்தடுத்து நட்டதும் ஒரு காரணம். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். இப்படி நடுவது என்று முடிவு செய்ததில் காலனிக்காரர்களுக்குப் பங்கு இல்லை. அந்த முடிவால் வந்த பூச்சிக்கு டேங்கைத் தூக்குகிற வேலையில் மட்டும் பங்கு கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது, விதிகள் 1971இல் வந்தன. அந்த விதிகளை மாணவர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும். பூச்சிக்கொல்லியைக் கையாளுகிற, தெளிக்கிற ஆட்களுக்கு வேலைக்கு முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்பு உடை, தேவைப்படும் இடத்தில் சுவாசக் கவசம், முதலுதவி, பயிற்சி தர வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகளில் வேலை செய்கிறவர்களுக்கு மாதா மாதம் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க வேண்டும்.

அது என்ன அளவு? நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போன பிறகு அந்தச் செய்தியை நிறுத்துகிற நொதிதான் கோலினெஸ்டரேஸ். இந்த வகை மருந்துகள் பூச்சியைக் கொல்வதும் மனிதரைக் கொல்வதும் அந்த நொதியை முடக்கித்தான். வியர்வை கொட்டும், எச்சில் ஒழுகும், வாந்தி வரும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், மூச்சு முட்டும். அளவு மெல்ல மெல்லக் குறைவதை ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே பார்த்து, ஆளை அந்த வேலையிலிருந்து மாற்றிவிட முடியும். விதி அதற்காகத்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் மருந்தடிக்கப் போகிற அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுப்பாருங்கள், வாழ்க்கையில் ஒரு முறையாவது இதற்காக ரத்தம் எடுத்தார்களா என்று. தலைசுற்றினால் வெயில் என்பார்கள். வாந்தி எடுத்தால் வெறும் வயிறு என்பார்கள். கூலிக்காரன் உடம்பில் நோய் வந்தால் அதற்குக் காரணம் சொல்ல இங்கே எப்போதும் வேறு ஏதாவது கிடைத்துவிடுகிறது.

இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாட்டில் சாட்சி இருக்கிறது. கேரளாவில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்கிற பூச்சியைக் கட்டுப்படுத்த, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டம் அரசுக் கழகத்துக்குச் சொந்தமானது. தோட்டத்தில் வேலை செய்தவர்களும் அடிவாரத்தில் குடியிருந்தவர்களும் தலைமுறை தாண்டி நோயைச் சுமந்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. 2017இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதே 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த கூலிக்காரர்களும் விவசாயிகளுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மரமோ பருத்தியோ, டேங்க் தூக்குகிற முதுகு ஒன்றுதான்.

மருந்தே கூடாதா?

இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். மருந்தே வேண்டாம் என்றால் கன்று செத்துவிடாதா? கடன் வாங்கி ஒரு ஏக்கரில் சவுக்கு போட்டிருக்கிற தலித் குடும்பம் என்ன செய்யும்? நியாயமான கேள்விதான். அதைத் தட்டிக்கழிக்க நாங்கள் தயாரில்லை.

கன்றைக் காக்கிற வழிகளில் மருந்து ஒன்றுதான், அதுவும் கடைசியாக எடுக்க வேண்டியது. நாற்றழுகலுக்கு நல்ல வடிகாலும், மணல் கலந்த மேட்டுப்பாத்தியும், அளவான தண்ணீரும், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் உண்டு. பட்டை தின்னும் புழு தன் எச்சத்தையும் மரத்தூளையும் நூலால் பின்னி பட்டை மேல் பந்தல் போடும். அதைத் துடைத்துவிட்டு ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் புழுவைக் கொல்லலாம். கொப்புளப் பட்டை நோய் வந்த சவுக்கை உடனே வெட்டி அப்புறப்படுத்தி எரித்தால் பக்கத்து மரங்கள் தப்பும். ஒரே ரகத்தை நடாமல் பல ரகங்களைக் கலந்து நட்டால் பூச்சியின் வேகம் குறையும்.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒன்றுதான். வாரம் தவறாமல் கன்று கன்றாகப் பார்க்கிற கண்ணும், பார்த்ததைப் புரிந்துகொள்கிற அறிவும். அந்தக் கண் ஏற்கெனவே காலனியில் இருக்கிறது. எந்தப் பாத்தியில் ஈரம் தங்கும், எந்தக் கன்றின் நுனி வாடத் தொடங்கியது என்பது அதிகாரிக்கு முன்னால் அந்த அக்காக்களுக்குத் தெரியும். ஆனால் இந்த அறிவுக்குக் கூலி கிடையாது, சான்றிதழ் கிடையாது, பெயர்கூடக் கிடையாது. அவர்கள் கூலிப் பட்டியலில் ‘ஆள்’. பூச்சியை அடையாளம் சொல்கிறவர் ‘நிபுணர்’. உழைப்பையும் அறிவையும் பிரித்து வைத்து, உழைப்பைக் கீழே தள்ளுவது சாதி செய்கிற பழைய வேலை. நாற்றங்காலிலும் அதுதான் நடக்கிறது.

நிலம் இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. சவுக்கு வெட்ட மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க நிலமும் கையிருப்பும் வேண்டும். மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் வேண்டிய ஆள் நாட்கள் சவுக்குக்கு வேண்டாம். ஆகவே கொல்லை மரக்காடாக மாறும்போது காலனிக்கு வேலை குறைகிறது. மிஞ்சுகிற வேலையில் மருந்தடிப்பும் ஒன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையும், பஞ்சமி நிலமாகச் சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கரை நமக்கு ஒதுக்கின. கைமாறிப்போன அந்த நிலங்களில் இன்று யாருடைய மரம் நிற்கிறது என்று பார்ப்பதும் நம் வேலை. 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

நாம் செய்யக்கூடியவை

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டைப் பசுமையாக்குவது அதன் இலக்கு. கோடிக்கணக்கில் கன்றுகள் வேண்டும். அத்தனை கன்றுகளையும் பூச்சியிடமிருந்து காக்க ஆட்கள் வேண்டும். எனவே கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

ஒன்று, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். உங்கள் ஒன்றியத்தில் அரசுப் பணத்தில் நடக்கிற நாற்றங்கால்களில் என்ன மருந்து வாங்கினார்கள், யார் அடித்தார்கள், எத்தனை பேருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது என்று கேளுங்கள். பரிசோதனை நடக்கவில்லை என்ற பதிலே நமக்கு ஓர் ஆவணம்.

இரண்டு, மருந்து டப்பாவின் முக்கோணத்தைப் படிக்கக் காலனியில் சொல்லிக்கொடுங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. யாராவது மயங்கி விழுந்தால் உடனே 108ஐக் கூப்பிட்டு, அந்த டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான முறிமருந்து கொடுக்க முடியும்.

மூன்று, கன்று கண்காணிப்பைத் திறன் வேலையாக அறிவித்து, காலனிப் பெண்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கூடுதல் கூலியும் கேட்போம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்தப் பயிற்சியைத் தொடங்கி வைக்கலாம். கற்றுக்கொடுக்கும்போது கற்றுக்கொண்டும் போகலாம்.

நான்கு, புறம்போக்கு மரங்களின் பலனை அனுபவிக்கத் தருகிற 2சி பட்டாவை, அந்த மரங்களை வளர்த்த நிலமற்ற குடும்பங்களுக்கே கேட்போம். காப்பாற்றுகிறவருக்கு மரத்தில் பங்கு இருந்தால், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, மருந்து தேவையா என்பதை முடிவு செய்கிற இடத்திலும் அவர் இருப்பார்.

கன்றுக்கு நோய் வந்தால் கோயம்புத்தூரிலிருந்து விஞ்ஞானி வருகிறார், கடல் தாண்டிக் குளவி வருகிறது. அது நல்லதுதான், வரட்டும். கன்றைத் தொட்டு வளர்த்தவருக்கு நோய் வந்தால் மாதம் ஒரு ரத்தப் பரிசோதனையாவது வர வேண்டும். சட்டம் எழுதி 50 வருடத்துக்கு மேல் ஆகிறது. எழுதியதை நடத்திக்காட்டச் சொல்லித்தான் கேட்கிறோம்.

ஜெய் பீம்.