பெண்ணைப் பாடியவரும் பெண் எழுதியதும்

இவ்வாண்டு எங்கள் இலக்கிய மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. பெண் விடுதலைக்குப் பெரிதும் துணை நின்றது எழுத்தா, சட்டமா என்பது தலைப்பு. எழுத்தே என்ற அணியினர் பாரதியாரையும் பாவேந்தரையும் துணைக்கு அழைத்தனர். சட்டமே என்ற அணியினர் இராஜாராம் மோகன் ராயையும் அண்ணல் அம்பேத்கரையும் அழைத்தனர். கைதட்டலுக்குக் குறைவில்லை. இறுதியில், அவையில் இருப்போரும் வினா எழுப்பலாம் என்று நடுவராக அமர்ந்த தமிழம்மா கூறினார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“அக்கா, இரண்டு அணியினரும் சொன்ன பெயர்கள் எல்லாம் ஆண்களின் பெயர்களாகவே இருக்கின்றனவே! பெண்கள் ஒன்றும் எழுதவில்லையா?”

மேடையில் இருந்த நாங்கள் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தங்கைக்கு அன்று சொல்ல முடியாததை இன்று இந்த மலரில் எழுதுகிறோம்.

விடுமுறை நாள்களில் ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் நம் பள்ளி நூலகத்திலும் தேடினோம். முதலில் கிடைத்த செய்தியே எங்களை வியப்பில் ஆழ்த்தியது. 1901 ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் கமலா சத்தியநாதன் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி. அவ்விதழில் 1905 இல் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை வந்தது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். இன்றைய வங்காளதேச மண்ணில், இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டார் உறங்கிய பின், இரவு விளக்கின் ஒளியில் அண்ணன் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். வங்கத்து இஸ்லாமியப் பெண் எழுதிய கதையைச் சென்னைக் கிறிஸ்தவப் பெண் அச்சிட்டு ஏற்றியிருக்கிறார். சமயமும் மொழியும் தூரமும் அவர்களைப் பிரிக்கவில்லை.

அந்தக் கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள்; பெண்கள் அறிவியலின் துணையால் நாட்டை ஆள்கிறார்கள். கதிரவனின் வெப்பத்தையே சேமித்துப் பயன்படுத்துகிறார்கள்! இதைப் படித்ததும் எங்களுக்குள் வாதம் மூண்டது. “ஒருவரை அடைத்து வைப்பது அநீதியென்றால், ஆண்களை அடைத்து வைப்பது மட்டும் எப்படி நீதியாகும்?” என்றாள் ஒரு தோழி. “அது நீதியென்று கதை சொல்லவில்லை. ஆண்களுக்கு நேர்ந்தால் அநியாயம் என்று தோன்றுவது, பெண்களுக்கு நேரும்போது ஏன் வழக்கமாகத் தோன்றுகிறது என்றுதான் கேட்கிறது” என்றாள் மற்றொருத்தி. இரண்டாமவள் கூறியதே சரியென்று எங்களுக்குப் படுகிறது. ஆயினும் முதலாமவள் கேட்டிராவிட்டால் அந்த விடை பிறந்திருக்காது. ரொக்கேயா எழுதியதோடு நிற்கவில்லை. 1911 இல் கல்கத்தாவில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

அடுத்து நம் ஊருக்கு வருவோம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டைக் காணாத மாணவி நம்மில் அரிது. பெண்ணுக்கு உயர்கல்வி வேண்டும், சொத்தில் சம பங்கு வேண்டும், அவள் விருப்பமின்றி மணம் முடிக்கலாகாது என்றெல்லாம் அவர் எழுதினார். அந்த வீட்டின் கதையை எழுதிய பெண்கள் உண்டு என்பதைத்தான் நாங்கள் அறியாதிருந்தோம். அவருடைய துணைவியார் செல்லம்மாள் சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுதிய வரலாறு 1941 இல் நூலாயிற்று. சிறுமியாக அவ்வீட்டுக்குப் போய் வந்த யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ 1954 இல் வெளிவந்தது.

உலைக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதியார் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்த நிகழ்ச்சியை நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! கேட்கும்போதெல்லாம் கவிஞரின் கருணையை எண்ணி உருகியிருக்கிறோம். ஆனால் அன்று அடுப்பங்கரையில் நின்றவரை நாம் எண்ணிப் பார்த்தோமா? வீட்டில் அடுத்த பிடி அரிசிக்கு வழி தேட வேண்டியவர் செல்லம்மாள் அல்லவா? 1897 இல் மணமானபோது அவருக்கு வயது ஏழு. அந்த மணத்துக்கு அவருடைய சம்மதத்தைக் கேட்டிருக்கத்தான் முடியுமா?

இதைப் பேசியபோது எங்களுக்குள் மனத்தாங்கலே உண்டாகிவிட்டது. “மகாகவியின் பெயருக்கு இது களங்கம்” என்று சிலர் வருந்தினர். “சொல் வேறு, செயல் வேறாக இருந்தவரை ஏன் போற்ற வேண்டும்?” என்று சிலர் சினந்தனர். இரு சாராரும் தவறினர் என்பது எங்கள் கருத்து. கணவரின் எழுத்துகளைக் காப்பாற்றி அச்சேற்ற முன்வந்தவரும் அதே செல்லம்மாள்தான். அவர் தம் துன்பத்தையும் மறைக்கவில்லை. கணவர் மீது கொண்ட அன்பையும் மறைக்கவில்லை. பாரதியார் கேட்ட பெண்ணுரிமையின் முதல் பயன், அவர் வீட்டுப் பெண்ணே தன் கதையைத் தன் வாயால் சொல்வதன்றோ? அதைக் கேட்க மறுத்துவிட்டுக் கவிஞரைப் பாராட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சட்டத்தின் கதையும் இவ்வாறே. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கம் பிரெஞ்சு ஆட்சியோடு நம் ஊருக்கு வந்தது. அந்தச் சகோதரத்துவத்தில் சகோதரிகளுக்கு இடமிருந்ததா? 1791 இல் பாரிசில் ஒலிம்ப் தெ கூஜ் என்ற பெண் எழுத்தாளர், பெண்களின் உரிமைப் பிரகடனம் ஒன்றை எழுதி இக்கேள்வியைக் கேட்டார். 1793 இல் அவர் கில்லட்டினுக்குப் பலியானார். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944 இல். சென்னை மாகாணத்திலோ, சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு 1921 இலேயே அவ்வுரிமை கிடைத்துவிட்டது. இலங்கையில் 1931 இல் ஆண் பெண் அனைவருக்கும் கிடைத்தது. எல்லைக்கு அப்பால் கடலூரில் ஒரு பெண் வாக்களிக்க முடிந்த காலத்தில், இப்பால் புதுச்சேரியில் அவளுடைய அக்காள் வாக்களிக்க முடியவில்லை.

உரிமை வந்த பின்னும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. 2021 ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் சட்டப்பேரவையின் 30 தொகுதிகளில் ஒரே ஒரு பெண்தான் வெற்றி பெற்றார். மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரும்போது அந்த நாற்காலிகளில் அமரப் போகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இன்று மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்கும் தங்கைகளிடமிருந்துதான்.

ஆகவே, எழுத்தா சட்டமா என்ற எங்கள் தலைப்பே அரைகுறையானது என்று இப்போது உணர்கிறோம். எழுத்து கேள்வியை எழுப்புகிறது. சட்டம் அதற்கு ஒரு விடை தருகிறது. அந்த விடை அடுப்பங்கரை வரை வந்து சேர்ந்ததா என்பதை அங்கே நிற்பவளே சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் வழக்கு ஒரு சாட்சியின்றி முடிந்துவிடும்.

வாதிக்கும் முறையிலும் ஒரு பாடம் கற்றோம். மனத்தாங்கல் வந்த அன்று எங்களில் இருவர் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டோம். நூலைப் படிக்காமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது. எதிரணித் தோழியின் கருத்தை அவளே ‘ஆம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்பும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகே மறுக்க வேண்டும். கருத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம். கருத்துக் கூறியவளின் உள்ளத்தை உடைக்கலாகாது. இந்த ஒழுங்கு வந்த பின் எங்கள் வாதம் சுருங்கவில்லை, முன்னிலும் கூர்மையாயிற்று.

1844 இல் நம் புதுச்சேரியில் துப்புயி அடிகளார், பெண் குழந்தைகளுக்குக் கல்வி தருவதற்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அன்று பலகையைப் பிடித்த சிறுமிகளின் வழியில் வந்தவர்கள் நாம். நமக்குக் கிடைத்த எழுத்தைத் தேர்வுத் தாளோடு நிறுத்திவிடலாமா?

பெற்றோர்களே, உங்கள் பெண் வீட்டில் எதிர்க் கேள்வி கேட்டால் அதை வாயாடித்தனம் என்று அடக்கிவிடாதீர்கள். காரணம் சொல் என்று கேளுங்கள். தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் ஆயாவிடம், பாட்டியிடம் அமர்ந்து கேளுங்கள். எத்தனையாம் வகுப்பில் படிப்பு நின்றது, யார் நிறுத்தினார்கள், முதன்முதலில் எப்போது வாக்களித்தார்கள், யார் சொன்ன சின்னத்துக்கு? அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டுப் பட்டிமன்றத்தில் அந்தத் தங்கை மீண்டும் எழுந்து கேட்கும்போது, பெயர் சொல்ல நம்மிடம் பெண்கள் இருக்க வேண்டும்.