சாடிக்குள் இரண்டு கிலோ நெல்



திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் பனைகள் நிற்பதைப் பயணம் செய்வோர் கண்டிருப்பீர்கள். நமக்கு எல்லாம் ஒரே பனையாகத்தான் தோன்றும். ஆனால் பனையேறும் தொழிலாளி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பாளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது அலகு, அது பருவம்” என்று உடனே கூறிவிடுவார். அலகுப் பனை ஆண். பருவப் பனை பெண். நுங்கு தருவது பெண் பனை மட்டுமே. இதனை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்றவரல்லர். தந்தை சொல்ல அறிந்தார். அவருக்கு அவர் தந்தை சொல்லியிருப்பார்.

‘உயிரியல்’ என்றவுடன் நுண்நோக்காடியும் ஆய்வுக்கூடமும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. அக்கல்வி ஐரோப்பாவிலே பிறந்து கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று என்பதற்கு நம் மாவட்டத்து மண்ணே சான்று கூறுகிறது.

பழனிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பொருந்தல் என்னும் சிற்றூர் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடைபெற்றது. பழங்கால ஈமச் சின்னம் ஒன்றனுள் நான்கு கால்களையுடைய மண் சாடி கிடைத்தது. அதனுள்ளே சுமார் இரண்டு கிலோ நெல்! காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது அந்நெல் கி.மு. 490ஆம் ஆண்டை ஒட்டியது எனத் தெரியவந்தது. இறந்தவருக்காகச் சாடி நிறைய நெல் வைத்து அடக்கம் செய்த மக்கள், இன்றைக்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் வாழ்ந்திருக்கின்றனர்.

நெல்தானே என்று நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. காட்டு நெல்லின் இயல்பு வேறு. மணி முற்றியதும் கதிரிலிருந்து உதிர்ந்து மண்ணிலே சிதறிவிடும். செடிக்கு அது நன்மை, மனிதருக்கோ இழப்பு. அரிதாகச் சில செடிகளில் மட்டும் மணி உதிராமல் கதிரிலேயே தங்கும். பண்டைய மக்கள் அறுத்து வந்த கதிர்களில் இத்தகைய மணிகளே மிகுதியாக வீடு வந்து சேர்ந்தன. அவற்றையே மறுபடியும் விதைத்தனர். யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்னரே இம்முயற்சி நடந்துகொண்டிருந்தது. உதிரா நெல் நிலைபெற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு வரும் என்னும் மரபியல் உண்மையை எழுத்தறியாத உழவர் கூட்டம் கைப்பழக்கத்தாலேயே பயன்படுத்திக்கொண்டது.

பனைக்கு மீண்டும் வருவோம். தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அக்கணக்கின்படி பனை மரமன்று; புல்! இன்றைய தாவரவியலும் பனையைப் புல், மூங்கில் ஆகியவற்றோடு ஒருவித்திலைத் தாவரங்களின் பெரும் பிரிவிலேயே சேர்க்கிறது. பனையை வெட்டிப் பிளந்து பார்த்த தச்சனின் அனுபவமல்லவா இலக்கணமாக உருப்பெற்றிருக்கிறது!

பனையின் உறவான பேரீச்சையிலும் ஆண், பெண் தனித்தனி மரங்களே. ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் மனிதர் கையாலேயே சேர்ப்பது பண்டைய ஈராக்கின் தொழில். கி.மு. 1750ஐ ஒட்டிய ஹம்முராபி மன்னரின் சட்டத் தொகுப்பு, இப்பணிக்காகத் தோட்டத்தை ஏற்பவர் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று விதிக்கிறது. தாவரங்களிலும் ஆண், பெண் உண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் கமெராரியஸ் சோதனை வாயிலாக நிறுவி எழுதியதோ கி.பி. 1694இல்தான்.

மதீனத்துத் தோட்டக்காரர்களும் இத்தொழிலைச் செய்துவந்தனர். அதனால் பயனிருக்கும் எனத் தாம் கருதவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூற, அவர்கள் அதனைக் கைவிட்டனர். விளைச்சல் குன்றியது. அது தமது கருத்து மட்டுமே என்றும், உலகத் தொழில்களை அவற்றில் ஈடுபட்டோரே நன்கறிவர் என்றும் பொருள்பட அண்ணலார் அருளிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உழைப்பாளியின் அனுபவ அறிவுக்கு இதனினும் உயர்ந்த கண்ணியம் வேறெது?

அந்தக் கண்ணியத்தை உணர்ந்தவர் ஒன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் அபூ ஹனீஃபா தீனவரீ. நூற்றுக்கணக்கான செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய தாவர நூலுக்குப் பாலைவன அரபிகளின் சொற்களும் அறிவுமே பெரும் ஆதாரமாயின.

நம் ஊருக்கே உரிய சான்றும் ஒன்றுண்டு. திண்டுக்கல்லில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது தோல் பதனிடும் தொழில். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பதப்படுத்துவது பழைய முறை. பூச்சிக்கும் பூசணத்துக்கும் எதிராகச் செடி தன் உடலிலே சேர்த்துவைக்கும் துவர்ப்பு, தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகவிடாமல் காக்கிறது. காரணத்தை வேதியியல் பின்னர் விளக்கியது. காரியத்தை நம் முன்னோர் முன்னரே கண்டனர்.

பழையன யாவும் உண்மை என்று நான் வாதிடவில்லை. பாம்புக்கடிக்குப் பச்சிலையை நம்பி உயிரிழந்தோரும் உண்டு. கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை. மதீனத்து மரங்கள் தரும் படிப்பினையும் இதுவே: விளைச்சலைக் கண்டே உண்மையை முடிவு செய்தனர்.

என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. மழைக்குப் பின் வேலியோரம் முளைக்கும் கீரைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கிள்ளிவருவார் என் நன்னிமா. எதைச் சமைக்கலாம், எதை ஆடுகூடத் தொடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் மறைந்தபோதுதான், அந்தப் பெயர்களில் பாதியைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை என்பது புரிந்தது. பொருந்தல் நெல் சாடிக்குள் 2,500 ஆண்டுகள் காத்திருந்தது. சொல்லப்படாத அறிவுக்கோ அப்படிக் காத்திருக்கச் சாடியில்லை. அதை உடையவரோடு அதுவும் மண்ணுக்குள் சென்றுவிடுகிறது.

ஆதலின், அத்தாமார்களே, அம்மாமார்களே! வரும் விடுமுறையில் பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். வீட்டு மூத்தோரிடம் அமர்த்தி, பத்துச் செடிகளின் பெயரையும் பயனையும் கேட்டு எழுதச் செய்யுங்கள். பள்ளிப் பாடநூலோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உயிரியலின் முதல் பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.