ரசிகன் தேவைப்படாத சீசன்

2020ஆம் ஆண்டு அக்டோபர் நடுவில் தெற்கு கொல்கத்தாவின் பவானிபூரில் துர்கா பூஜைப் பந்தல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதே வாரத்தில், அந்த வட்டாரத்தின் பெயரைச் சுமக்கும் பவானிபூர் கால்பந்து கிளப், தேசிய அளவிலான ஐ-லீகின் வாசற்படியில் நின்றது. ஐந்து அணிகள் மோதிய தகுதிச் சுற்று. இடம் ஒன்றே ஒன்று. முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் 2-0 என்று தோற்றுப்போன பவானிபூர், இரண்டாவது இடத்தோடு திரும்பியது.

விளையாட்டில் தோல்வி சகஜம். சகஜமில்லாதது வேறு. சால்ட் லேக்கிலும் கல்யாணியிலும் நடந்த இந்த ஆட்டங்களைப் பார்க்க ரசிகர்கள் ஒருவருக்கும் அனுமதி இல்லை. ஆட்டக்காரர்களுக்கு ஓட்டலை விட்டால் மைதானம், மைதானத்தை விட்டால் ஓட்டல். அனுமதி இருந்திருந்தாலும் கல்யாணிக்குப் போவது லேசல்ல. புறநகர் ரயில்கள் நவம்பர் 11 வரை ஓடவில்லை. நகருக்குள் மெட்ரோவில் ஏறுவதற்கே செல்போனில் நேரம் குறித்து இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. பவானிபூர் ஜெயித்திருந்தால் தோளில் தூக்க ஆளில்லை. தோற்றபோது திட்டவும் ஆளில்லை.

திட்டுவதற்கு ஆளில்லாத கால்பந்து ஆட்டம் கொல்கத்தாவுக்குப் பழக்கமில்லாத ஒன்று. பவானிபூரின் நேதாஜி பவன் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் எஸ்பிளனேட். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மைதான் என்றே பெயர் பெற்ற பெரும் புல்வெளி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கிளப்புகளின் கூடாரங்கள் அங்கேதான். பவானிபூருக்குத் தெற்கே, லேக் மார்க்கெட் பக்கம் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நன்றாகத் தெரியும்: இந்த ஊரில் எந்த அணி என்பது தேர்ந்தெடுக்கும் விஷயமல்ல, பிறப்போடு வருவது. பூர்வீகம் கிழக்கு வங்காளம் என்றால் ஈஸ்ட் பெங்கால்; மேற்கு என்றால் மோகன் பகான். ஈஸ்ட் பெங்கால் வென்றால் அன்று வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால். ஜதுபாபு பஜாரின் மீன்கடைகளுக்குக்கூட லீக் அட்டவணை மனப்பாடம் என்று தமாஷாகச் சொல்வார்கள்.

ஆட்டம் 90 நிமிடம்தான். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் நடக்கிற வாக்குவாதமே இங்கே விளையாட்டு. வீட்டு வாசல் திண்ணையில், டீக்கடை பெஞ்சில், அலுவலக மதிய இடைவேளையில் அது நடக்கும். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண 1,31,000 பேருக்கு மேல் திரண்டார்கள். பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களோடு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தை மைதானத்தில் பார்த்தேன் என்று சொல்பவர்கள் எல்லோரையும் கூட்டினால் எண்ணிக்கை இன்னும் சில லட்சங்களைத் தாண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் சீசன் 2020 மார்ச்சில் பாதியில் அறுந்தது. மார்ச் 10ஆம் தேதி கல்யாணியில் ஐஸ்வாலை 1-0 என்று வென்ற மோகன் பகான், நான்கு சுற்றுகள் மிச்சமிருக்கும்போதே ஐ-லீக் பட்டத்தை உறுதி செய்துகொண்டது. ஐந்து நாள் கழித்து, மார்ச் 15 அன்று ஈஸ்ட் பெங்காலோடு மோதல். பட்டம் வென்றவர்களைப் பரம வைரிகள் எதிர்கொள்ளும் ஆட்டம். அது நடக்கவே இல்லை. முந்தைய நாள் கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால். அதில் சென்னையின் எஃப்.சி. கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. சென்னை ரசிகர்கள் அழுததும் கொல்கத்தா ரசிகர்கள் குதித்ததும் அவரவர் வீட்டுக் கூடத்தோடு முடிந்தன. ஏப்ரலில், மிச்சமிருந்த 28 ஐ-லீக் ஆட்டங்களையும் கைவிடுவது என்று முடிவாயிற்று.

மார்ச் 20ஆம் தேதி பி.கே. பானர்ஜி காலமானார். ஏப்ரல் 30 அன்று சுனி கோஸ்வாமி. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த அணியின் பெரும் தூண்கள் இருவரும், கோஸ்வாமிதான் கேப்டன். சாதாரண காலமாக இருந்திருந்தால் இவர்களுடைய கடைசிப் பயணத்துக்கு நகரமே தெருவில் நின்றிருக்கும். கோஸ்வாமி போனது ஊரடங்கின் உச்சத்தில். கூட்டம் கூடித்தான் துக்கம் கொண்டாடத் தெரியும் என்ற ஊர், தனித்தனியாக ஜன்னலோரம் நின்றது.

இதில் ஒரு சரித்திர விநோதமும் உண்டு. கல்கத்தா கால்பந்து லீக் தொடங்கிய ஆண்டு 1898. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில்தான் கல்கத்தாவில் பிளேக் பரவியிருப்பதாக அரசு அறிவித்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். அந்தப் பீதிக்கு நடுவிலும் லீக் நடந்து, குளூஸ்டர்ஷயர் படைப்பிரிவு கோப்பையை எடுத்துக்கொண்டது. இந்தியக் கிளப்புகளுக்கு அப்போது அதில் இடமில்லை. பிளேக் ஆண்டில் பிறந்த அந்த லீக், 2020இல் கொரோனாவுக்காக ஒரு முழு சீசன் படுத்துவிட்டது.

நிறுத்தியது தவறா? யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் மிலான் நகரில் அட்லாண்டா-வலென்சியா ஆட்டம். அட்லாண்டாவின் சொந்த ஊரான பெர்கமோவிலிருந்து பல்லாயிரம் பேர் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பார்த்தார்கள். கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். சில வாரங்களில் பெர்கமோவில் சவப்பெட்டிகளை ஏற்ற ராணுவ லாரிகள் வந்தன. ஊரில் நோய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம் என்று நிபுணர்கள் கருதினார்கள். ரசிகனின் உற்சாகம்தான் விளையாட்டின் உயிர். அந்த உற்சாகமே உயிரைக் குடிக்கக்கூடியதாக மாறியதுதான் அந்த ஆண்டின் கொடுமை.

கொல்கத்தாவும் அந்தக் கத்தி முனையில் நடந்து பார்த்தது. 2020 அக்டோபர் 18 அன்று மோகன் பகானுக்கு ஐ-லீக் கோப்பை ஒரு ஓட்டலில் வழங்கப்பட்டது. ஏழு மாதம் தாமதமான வெற்றி. கோப்பை ஊர்வலமாகக் கிளம்பியதும் பச்சை-மெரூன் கொடிகளோடு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவை நிரப்பினார்கள். இடைவெளியாவது, மண்ணாவது. அடுத்த நாளே, பூஜைப் பந்தல்களுக்குள் பார்வையாளர்கள் நுழையக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரத்தின் இரண்டு பெரிய திருவிழாக்களுக்கும் ஒரே நிபந்தனை: தூரத்திலிருந்து பார்க்கலாம்.

தூரத்திலிருந்து பார்க்கும் சீசன் நவம்பரில் தொடங்கியது. ஐ.எஸ்.எல். முழுவதும் கோவாவில், காலி மைதானங்களில். மோகன் பகான் அதற்குள் ஏ.டி.கே.யோடு இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் ஆகியிருந்தது. 1920 ஆகஸ்டு 1 அன்று பிறந்த ஈஸ்ட் பெங்கால், நூற்றாண்டுக்குக் கூட்டமில்லாமலே விளக்கேற்றிவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு முதலீட்டாளரைப் பிடித்து உள்ளே வந்தது. நவம்பர் 27 அன்று வாஸ்கோவின் திலக் மைதானத்தில் இரண்டும் மோதின. பகான் பக்கம் 2-0. நாட்டின் மிகப் பெரிய கால்பந்துப் பகை, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பந்தை உதைக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும் நிசப்தத்தில் நடந்து முடிந்தது.

இங்கேதான் ரசிகனுக்கு ஓர் உண்மை உறைத்தது. ஆட்டம் நடக்கிறது. டிவியில் வருகிறது. விளம்பரம் ஓடுகிறது. புள்ளிப் பட்டியல் நகர்கிறது. இல்லாதது அவன் மட்டும். அவன் இல்லாததால் எதுவும் நின்றுவிடவில்லை. கிரிக்கெட்டில் ஐ.பி.எல். அரபு நாட்டுக்கு இடம் மாறி, ஒலிப்பதிவு செய்த ஆரவாரத்தை டிவியில் சேர்த்து ஓட்டியது. ஆரவாரத்தையே டப்பாவில் அடைத்து விற்க முடியும் என்றால் தொண்டை கிழியக் கத்துபவனுக்கு என்ன வேலை?

ஆர்வம் மங்கியதற்கு நோயின் பயம் ஒரு காரணம். வேலை போன குடும்பங்களின் கவலை இன்னொன்று. ஆனால் பயமும் கவலையும் ஒரு நாள் தீரும். தான் தேவையில்லை என்று தெரிந்துகொண்ட மனது அவ்வளவு சீக்கிரம் ஆறாது. கொல்கத்தாவில் அந்த உற்சாகம் கோபமாகப் புளித்தது. மோகன் பகான் ரசிகர்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிய ஏ.டி.கே. என்ற மூன்று எழுத்தை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள். 2021 ஜூலையில், முதலீட்டாளருடனான ஒப்பந்தத் தகராறு முற்றியபோது ஈஸ்ட் பெங்கால் கூடாரத்தின் முன் திரண்ட ரசிகர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஆட்டத்துக்காகக் கூட முடியாதவர்கள் அடி வாங்கக் கூடினார்கள்.

இதே காலத்தில் இன்னொரு வேடிக்கை. 2021 மார்ச், ஏப்ரலில் மேற்கு வங்கச் சட்டசபைத் தேர்தல். மைதானங்களில் கூட்டம் கூடாது. மேடைகளின் முன்னால் கூடலாம். தேர்தலின் மிகப் பிரபலமான கோஷமே 'கேலா ஹோபே', அதாவது 'ஆட்டம் நடக்கும்'. மம்தா பானர்ஜி மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பந்தை வீசினார். அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று நடந்த இடைத்தேர்தலில் அவர் வென்ற தொகுதி பவானிபூர். பவானிபூர்க்காரர்கள் அரசியலில் ஆட்டம் பார்த்தார்கள். கால்பந்தில் அல்ல. ஆகஸ்டு 16 'கேலா ஹோபே' தினமாக்கப்பட்டது. 1980இல் அதே தேதியில் ஈடன் கார்டனில் நடந்த மோகன் பகான்-ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில்தான் கலவரமும் நெரிசலுமாக 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். ரசிகனைப் பலி கொண்ட நாளுக்கே ஆட்டத்தின் பெயர்.

மீட்சி மெதுவாக வந்தது. 2021 நவம்பர் 18 அன்று ரயில்வேயை 1-0 என்று தோற்கடித்து முகமதன் ஸ்போர்ட்டிங் 40 ஆண்டுகளுக்குப் பிறகு கல்கத்தா லீகை வென்றது. பெரிய கிளப்புகள் இரண்டும் அந்த சீசனில் ஆடவில்லை. ஐ.எஸ்.எல். இரண்டாவது ஆண்டாகவும் கோவாவிலேயே முடங்கியது. அங்கே நடந்த நான்கு டெர்பி ஆட்டங்களையும் பகான் வென்றது. நான்கு வெற்றிக்கும் கொல்கத்தாவில் இறால் சமைத்திருப்பார்கள். ஆனால் தோற்ற வீட்டின் வாசலில் நின்று வம்புக்கு இழுக்காத வெற்றி, உப்பில்லாத இறால்தான்.

2022 ஆகஸ்டு 28 அன்று, டூரண்ட் கோப்பையில், இரண்டும் சால்ட் லேக்கில் மீண்டும் சந்தித்தன. 2020 ஜனவரி 19க்குப் பிறகு கொல்கத்தா தன் சொந்த மண்ணில் பார்த்த முதல் டெர்பி. 31 மாத இடைவெளி. ஒரே கோல், அதுவும் ஈஸ்ட் பெங்கால் தனக்கே போட்டுக்கொண்டது. ஆட்டம் சுமார் ரகம். அதைப் பற்றி யாருக்குக் கவலை? மறுநாள் திட்டுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. 2023 மார்ச் 18 அன்று ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கையோடு, ஏ.டி.கே. என்ற எழுத்துகள் நீங்கும் என்ற அறிவிப்பும் வந்தது. ரசிகன் கத்தியது யார் காதிலோ விழுந்திருக்கிறது.

அதன்பின் 2024 ஆகஸ்டு 18. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். பாதுகாப்பு தர முடியாது என்று அன்றைய டெர்பி ரத்தானது. 2020இல் ஆட்டம் ரத்தானபோது வீட்டுக்குள் அடங்கியவர்கள் இந்த முறை அடங்கவில்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூன்றின் ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்தின் வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். போலீஸ் தடியைச் சுழற்றியபோது யார் எந்தச் சட்டை அணிந்திருக்கிறார் என்று பார்த்து அடிக்கவில்லை.

ரசிகர்களே இல்லாமல் ஆட்டம் நடத்த முடியும் என்று கொரோனா காட்டிக்கொடுத்தது. ஆட்டமே இல்லாவிட்டாலும் ரசிகர்கள் ரசிகர்களாகவே இருப்பார்கள் என்பதை அந்த ஆகஸ்டு மாலை காட்டியது. அடுத்த முறை ஒரு நோயோ நெருக்கடியோ வந்து சீசனைக் காப்பாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டால், டிவி ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவதோடு வேலை முடிந்தது என்று சங்கங்களும் முதலாளிகளும் நினைத்துவிடலாகாது. பவானிபூரின் திண்ணையில் உட்கார்ந்து, தோற்ற தன் அணியைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த மனிதனும் சீசனில் ஒரு பங்குதான்.