பத்து வயதிலேயே தலையெழுத்து

நேற்று றெஸ்ரோறன்ற்றில் வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு பன்னிரண்டு மணி. மேசையில் மகனின் அரையாண்டு றிப்போட் கிடந்தது. நாலாம் வகுப்பு. கிம்னாசியத்துக்குப் பொருத்தமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கணக்கில் அவன் கெட்டிக்காரன். டொச் கட்டுரைதான் இடிக்கிறது. சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. என்ர டொச் குசினியில் பழகின டொச்.

அந்தச் சிபாரிசு ஹம்பேர்க்கில் கட்டாயமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்பு முடிவில் புள்ளி காணாவிட்டால் கிம்னாசியத்திலிருந்து வெளியே அனுப்பலாம். ரியூசனுக்குக் காசு உள்ளவனுக்குத்தான் இந்தச் சுதந்திரம் உதவும்.

இது இன்று நேற்றுக் கதையில்லை. தாய் தகப்பனின் வசதி பிள்ளையின் வாசிப்புத் திறனை மிக இறுக்கமாகக் கட்டிப்போட்டிருக்கும் நாடுகளில் ஜேர்மனியும் ஒன்று என்று 2001 டிசம்பரில் வெளிவந்த பிசா ஆய்வு சொன்னது. 2006 இல் இங்கு வந்த ஐ.நா. கல்வி அறிக்கையாளர் வேர்னோர் முனோஸ், பிள்ளைகளை இவ்வளவு சின்ன வயதில் பிரிப்பதைக் கண்டித்தார்.

2010 இல் ஹம்பேர்க் திருந்தப் பார்த்தது. எல்லாப் பிள்ளைகளும் நாலு வருடத்துக்குப் பதில் ஆறு வருடம் ஒன்றாகப் படிக்கட்டும் என்பது திட்டம். பேர்லினில் அப்படித்தான் நடக்கிறது. நகரசபையில் இருந்த எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. ஆனால் கிம்னாசியப் பெற்றோர் கையெழுத்துச் சேர்த்து மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். ஜூலை 18 அன்று, திட்டத்தை எதிர்த்து 276,304 வாக்கு, ஆதரித்து 218,065. வசதியான பகுதிகளில் சனம் திரண்டு வாக்களித்தது, ஏழைப் பகுதிகளில் குறைவு. வெளிநாட்டவருக்கு வாக்கே இல்லை. நானும் அன்று அகதி அட்டையோடு வேடிக்கை பார்த்தவன்தான்.

மற்றப் பள்ளியிலும் பதின்மூன்று வருடம் படித்து அபித்தூர் எடுக்கலாமே என்று சமாதானம் சொல்கிறார்கள். எடுக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்றால், வசதியான சனம் அந்த இரண்டு வருடத்தைத் தடுக்க ஏன் இந்தப் பாடு பட்டது?

எங்கட ஆக்களையும் விட ஏலாது. தரப்படுத்தல் அநியாயம் என்று மேடையில் முழங்குகிற அதே வாய், பிறந்தநாள் கொண்டாட்டத்தில் "உங்கட மகன் கிம்னாசியமோ?" என்று கேட்கிறது. ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையால் பிள்ளைகளைப் பிழிந்தோம். இங்கே இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறோம். ஏறினவன் ஏணியை எட்டி உதைக்கிறதுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

2006 இல் ஏ9 பாதை மூடுப்பட்டபோது யாழ் பல்கலைக்கழகத்தில் என் படிப்பு மூன்றாம் வருடத்தோடு நின்றது. யாரும் கேட்டால் யுத்தம் என்று சொல்லுவன். என் மகனுக்கு நான் எந்த யுத்தத்தைச் சொல்வது?

இப்போது எனக்குக் குடியுரிமை இருக்கிறது, வாக்கும் இருக்கிறது. உங்களில் பலருக்கும் இருக்கிறது. அடுத்த முறை அந்த ஆறு வருடக் கோரிக்கை வரும்போது, கிம்னாசியத்தில் பிள்ளை படிக்கிற தமிழரே, நீங்கள் எந்தப் பக்கம்?