சப்பாத்துக்குள் ஒரு துளி இரத்தம்

"அது வெறும் சப்பாத்துத்தானே!" பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமையில் எங்கள் வீடுகளில் அதிகம் கேட்கிற வசனம் இதுவாகத்தான் இருக்கும். பதினொரு வயதுப் பிள்ளை ஒரு குறிப்பிட்ட பிராண்டில், குறிப்பிட்ட நிறத்தில் சப்பாத்துக் கேட்கும். விலையைப் பார்த்ததும் எங்களுக்குத் தலை சுற்றும். "அம்மம்மா சேலில வாங்கித் தந்த பேரில்லாத சப்பாத்தோடதான் நாங்கள் படிச்சனாங்கள்" என்று பழைய கதையையும் எடுத்துவிடுவோம்.

இது பிள்ளைக்கு ஏறாது. ஏனென்றால் நாங்கள் சொல்வது முழு உண்மை இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும். அந்தச் சப்பாத்துக்கு வகுப்பறையில் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது. போட்டுக்கொண்டு போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் இடம் கிடைக்கும். போடாவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு அதுதான் இன்னும் கஷ்டம். பேரில்லாத சப்பாத்தோடு படித்த உங்களுக்கும் இது அந்த வயதில் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இந்தச் சக்தியை மந்திரம் என்று சொன்னால் சிரிக்காதேயுங்கோ. பெரிய சமூகவியலாளர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன்னர் நியூயோர்க்கில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கோ.

2021 மார்ச்சில், புரூக்ளினில் இயங்கும் மிஸ்சீஃப் என்ற கலைக்குழு, ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸுடன் சேர்ந்து ஒரு சப்பாத்தை வெளியிட்டது. சப்பாத்து அவர்கள் செய்தது இல்லை. நைக்கியின் எயர் மாக்ஸ் 97 மொடலை வாங்கி, அடிப்பாகத்தில் இருக்கும் காற்றறைக்குள் சிவப்பு மையையும் ஒரு துளி மனித இரத்தத்தையும் விட்டார்கள். மேலே வெண்கலத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றைக் கட்டினார்கள். மொத்தம் 666 சோடி. ஒரு சோடியின் விலை 1,018 டொலர். 666 என்பது பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் மிருகத்தின் எண். 1,018 என்றால் லூக்கா 10:18. சாத்தான் வானத்திலிருந்து விழுவதைச் சொல்லும் இடம். பேரும் சாத்தான் சப்பாத்துத்தான்.

விற்பனைக்கு விட்ட ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நைக்கி வழக்குப் போட்டது. ஏப்ரலில் இரு பக்கமும் சமாதானமாகி, திருப்பித் தர விரும்புகிறவர்களிடம் அதே விலைக்குத் திரும்ப வாங்குவதாக மிஸ்சீஃப் ஒப்புக்கொண்டது.

இப்ப கதையின் மற்றப் பாதியைக் கேளுங்கோ. அதே குழு 2019 இல் அதே எயர் மாக்ஸ் 97 ஐ எடுத்து, அந்தக் காற்றறைக்குள் யோர்தான் ஆற்றின் தீர்த்தத்தை நிரப்பி விற்றது. பேர் இயேசு சப்பாத்து. விலை 1,425 டொலர்; மத்தேயு 14:25, இயேசு தண்ணீரின் மேல் நடந்து வரும் இடம். அதுவும் உடனேயே விற்று முடிந்து, பிறகு கைமாறும் விலை இன்னும் ஏறியது.

இதைப் பிள்ளையோடு பேசலாம். தீர்த்தம் விட்டபோதும் சனம் அடிபட்டு வாங்கியது, இரத்தம் விட்டபோதும் வாங்கியது. அப்படியென்றால் அந்தச் சப்பாத்துக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? தெய்வத்திடமிருந்து வந்திருந்தால் இரண்டாவது விற்றிருக்கக் கூடாது. சாத்தானிடமிருந்து என்றால் முதலாவது விற்றிருக்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை வேறு: பக்கவாட்டில் நைக்கியின் அந்தச் சின்னக் கீற்று, குறைந்த எண்ணிக்கை, எல்லாரும் கதைத்த கதை, எனக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லை என்ற நினைப்பு.

இனி அந்தச் சமூகவியலாளர்களிடம் வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் மார்செல் மோஸ், ஆன்றி யூபேர் என்ற இருவர் மந்திரத்தைப் பற்றி ஆராய்ந்தார்கள். மந்திரவாதியின் சக்தி அவருடைய கைத்தடியிலோ உச்சரிப்பிலோ இல்லை, அவரைச் சுற்றி நின்று நம்புகிற கூட்டத்தில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கண்ட விஷயம். 1975 இல் பியர் பூர்தியூ, இவெத் தெல்சோ இருவரும் இந்த யோசனையைப் பாரிஸ் ஆடை உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு உடுப்பில் வடிவமைப்பாளரின் பேரைத் தைத்தவுடன் அதன் விலை எப்படித் தாவுகிறது? துணி அதேதான், தையலும் அதேதான். பேஷன் சஞ்சிகைகள், கடைக்காரர், பணக்கார வாடிக்கையாளர், போட்டி வடிவமைப்பாளர் எல்லாரும் சேர்ந்து நம்புகிற நம்பிக்கைதான் அந்தப் பேருக்குள் போகிறது என்றார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே மந்திரம் என்ற சொல்லை வைத்தார்கள்.

கிறிஸ்டியன் டியோரை எடுத்துப் பாருங்கோ. மனுசன் சகுனம் பார்க்கிறவர். 1946 இல் பாரிஸ் தெருவில் காலில் தட்டுப்பட்ட ஒரு நட்சத்திரத் துண்டை நல்ல சகுனமாக எடுத்துத்தான் சொந்த நிறுவனம் தொடங்கினார். குறி சொல்கிற பெண்ணிடம் கேட்டு முடிவெடுத்தார். தனக்கு ராசியான பூவை உடுப்பின் கரைக்குள் வைத்துத் தைப்பித்தார். 1947 பெப்ரவரி 12 அன்று காட்டிய முதல் உடுப்புகளோடு உலகம் முழுக்கப் பேர் எடுத்தார். 1957 இல் திடீரென்று இறந்துபோனார். பேர் மட்டும் சாகவில்லை. 21 வயது இவ் சென் லோரன் அந்தக் கதிரையில் இருந்தார். உடுப்பு அதே டியோர் பேரில் விற்றது. இன்றும் விற்கிறது. 2021 இல் அந்த நிறுவனம் தன் உயர்தர உடுப்புகளைக் காட்ட எடுத்த படமே டாரோ சீட்டுகளைப் பற்றியது. சகுனத்தை நம்பிய மனுசன் போய் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் சகுனத்தையே வைத்து வியாபாரம் நடக்கிறது.

துணி, பூ, வரலாறு என்று ஏதாவது இருந்தால்தான் இது நடக்கும் என்று நினைக்காதேயுங்கோ. 2016 இல் நியூயோர்க்கின் சுப்ரீம் நிறுவனம் ஒரு சிவப்புச் செங்கல்லில் தன் பேரைப் பதித்து 30 டொலருக்கு விற்றது. வீடு கட்டுகிற செங்கல்தான்! அது விற்று முடிந்து, ஒன்லைனில் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. உங்கள் பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் இந்தச் செங்கல் கதையைச் சொல்லிப் பாருங்கோ. முதலில் சிரிக்கும். பிறகு, "அப்ப என்ர ஹூடி?" என்று ஒரு கேள்வி அதன் முகத்தில் வரும்.

அடுத்ததாக மணிக்கல், டாரோ, நிலவு நீர். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இவை இப்ப சாதாரணம். 2018 இல் பின்ரோஸ் என்ற வாசனைத் திரவிய நிறுவனம் புதிதாகத் தொடங்கும் சூனியக்காரிகளுக்கு என்று ஒரு பெட்டியை அறிவித்தது. டாரோ சீட்டு, வெண் சேஜ் இலைக்கட்டு, இளஞ்சிவப்புக் கல், வாசனைத் திரவியம் எல்லாம் சேர்த்து 42 டொலர். செஃபோரா கடைகளில் விற்பதாக ஏற்பாடு. விக்கா போன்ற வழிபாட்டைக் கைக்கொள்கிறவர்கள், எங்கள் நம்பிக்கை அலங்காரச் சாமானா என்று கேட்டார்கள். வெண் சேஜைச் சடங்கில் பயன்படுத்தும் அமெரிக்கப் பூர்வகுடிகளும் கேட்டார்கள். பெட்டி கடைக்கு வரமுன்னரே நிறுவனம் கைவிட்டது.

எங்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்கவேண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர், நாங்கள் சொல்வதை விட நாங்கள் செய்வதைத்தான் கவனிப்பார்கள். கைக்குழந்தையின் கன்னத்தில் அம்மம்மா வைக்கிற கறுப்புப் பொட்டைப் பார்க்கிறார்கள். கோயிலில் கட்டுகிற நூலைப் பார்க்கிறார்கள். கலியாண மண்டபத்தில் "தாலிக்கொடி எத்தினை பவுண்?" என்று மாமிமார் குசுகுசுப்பதையும் கேட்கிறார்கள். சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டு வந்து காருக்குள் நாங்கள் கதைப்பது என்ன? மண்டபம், பல்லக்கு, மேக்கப், எத்தனை முறை சீலை மாற்றினது. பின் சீற்றில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும்.

கறுப்புப் பொட்டையும் பவுண் கணக்கையும் ஒன்றாகப் போடக்கூடாது என்று உங்களில் சிலர் சொல்லலாம். சரிதான். பொட்டுக்குக் காசு இல்லை. எல்லாக் குழந்தைக்கும் வைக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வைத்தால் எங்கள் குழந்தையின் பொட்டுக்கு மதிப்புக் குறையாது. தாலிக்கொடியின் பவுண் கணக்கு அப்படியில்லை. எல்லாருக்கும் அதே பாரம் என்றால் அதைப் பற்றிக் கதைக்க ஒன்றும் இல்லை. ஸ்னீக்கரும் அந்த வகைதான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குக் காட்டலாம்: எது எல்லாருக்கும் கிடைத்தாலும் நல்லதாகவே இருக்கும்? எது மற்றவருக்குக் கிடைக்காததால் மட்டும் நல்லதாகத் தெரிகிறது?

அப்ப என்ன செய்வது? வேண்டிக் கொடுப்பதா, மறுப்பதா? அது உங்கள் வீட்டு வரவு செலவைப் பொறுத்தது. எதைச் செய்தாலும் "வெறும் சப்பாத்து" என்று மட்டும் சொல்லவேண்டாம். அதற்குச் சக்தி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு தொடங்குங்கோ. "உண்மைதான், அதைப் போட்டா வகுப்பில ஒரு மரியாதை வரும் போலதான் இருக்கு" என்று அம்மாவே சொன்னால், பிள்ளை கதவைச் சாத்தாமல் நின்று கேட்கும்.

பிறகு சில கேள்விகள், விசாரணை மாதிரி இல்லாமல், கார் ஓடுகிற நேரத்தில். உங்கட வகுப்பில இதை ஆர் முதலில போட்டது? அவர் அடுத்த மாசம் வேற ஒண்டு போட்டா இதுக்கு என்ன நடக்கும்? அந்த அடையாளத்தை ஒரு டேப் ஒட்டி மறைச்சாலும் உனக்கு இது பிடிக்குமா? ஒருத்தரும் இல்லாத தீவில நீ தனிய இருந்தாலும் இதைப் போடுவியா? கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்று வந்தால் பிள்ளைக்கு அந்தப் பொருள் உண்மையாகவே பிடித்திருக்கிறது. நிறம், வடிவு, காலுக்குச் சுகம், விளையாட்டு என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அதற்கு மரியாதை கொடுங்கோ. "இல்லை" என்று வந்தாலும் ஏசவேண்டாம். சக்தி எங்கே இருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கிறது.

காசுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரு நல்ல சப்பாத்துக்கு எவ்வளவு ஆகும் என்று முதலே பேசி, அந்தத் தொகையை நீங்கள் கொடுங்கோ. அடையாளத்துக்கு மேலதிகமாகப் போகிற காசைப் பிள்ளை தன் சேமிப்பிலிருந்தோ பிறந்தநாள் காசிலிருந்தோ போடட்டும். மந்திரத்துக்கு எவ்வளவு காசு போகிறது என்பதை அப்போதுதான் பிள்ளை தன் கையால் எண்ணிப் பார்க்கும். சில பிள்ளைகள் எண்ணிவிட்டும் வாங்குவார்கள். அதுவும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கூட்டத்தின் பார்வையில்தான் சக்தி என்றால், உங்கள் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். பழைய சப்பாத்தோடு வந்து மேசையின் கடைசியில் தனிய இருக்கிற பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. போன மாதம் ஊரிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் இருந்து சாப்பிட ஒரு பிராண்டும் தேவையில்லை. இதைப் புத்திமதியாகச் சொன்னால் பிள்ளை கண்ணைச் சுழற்றும். "இண்டைக்கு ஆரோட இருந்து சாப்பிட்டனி?" என்று இடைக்கிடை கேட்டுக்கொண்டிருங்கோ, அது போதும். நாங்களும் அடுத்த கலியாணத்தில் பவுண் கணக்குக் கேட்காமல் வீடு வந்து சேர்ந்தால், பின் சீற்றில் இருப்பவர் அதையும் கவனிப்பார்.